பஞ்சுப்பேட்டை முக்குப் படத்தை நான் காட்டியது பற்றி

பெயர் பிரேமா. வயது நாற்பத்து நான்கு. கணவர் பெயர் கண்ணபிரான், மில் சூப்பர்வைசர். படிப்பு பி.எஸ்சி. கணிதம். இருப்பிடம் கோவில்பட்டி, பஞ்சுப்பேட்டை இரண்டாம் தெரு. அதே தெரு முனையில் பன்னிரண்டு வருடமாகத் தட்டச்சு மற்றும் கம்ப்யூட்டர் சென்டர் நடத்தி வருகிறேன். இன்று 26.2.2008 செவ்வாய்க்கிழமை பகல் பன்னிரண்டு மணிக்கு, உமாராணி என்ற இருபது வயதுப் பெண்ணின் இறப்பு பற்றிய விசாரணைக்குக் காவல் நிலையத்தில் ஆஜராகி இதைக் கொடுக்கிறேன். நான் சொல்ல ஏட்டு எழுதுவதாக இருந்தது. என் கைப்பட எழுதித் தருகிறேன் என்று கேட்டேன், அதிகாரி சம்மதித்துத் தாள் கொடுத்தார்.

15.2.2008 வெள்ளிக்கிழமை காலை ஏழு மணிக்குச் சென்டரைத் திறந்ததும் முதல் வேலையாக, கம்ப்யூட்டர்கள் மேல் போர்த்தியிருந்த துணிகளை எடுத்து வாசலில் உதறினேன். தை, மாசியில் காற்று அடித்தால் கரிசல் புழுதி மூடிய ஜன்னலுக்குள்ளும் வந்துவிடும். அதன் பிறகு போக்குவரத்து ஏட்டு கருப்பசாமி, முக்கில் உள்ள கேமராவின் மெமரி கார்டைக் கொண்டுவந்து கொடுத்தார். திங்களும் வெள்ளியும் அவர் கொண்டுவருவது வழக்கம். அதில் இருந்த படங்களை என் கம்ப்யூட்டரில் ஏற்றிவிட்டுக் கார்டைத் திருப்பிக் கொடுத்தேன்.

இந்தக் கேமராவின் படங்கள் என் வசம் எப்படி வந்தன என்பதை இங்கே சொல்ல வேண்டும். 2006 ஜூன் மாதம் பஞ்சுப்பேட்டை முக்கில், சிவப்பு விளக்கைத் தாண்டி வந்த ஒரு லாரி மோதி, என்னிடம் தட்டச்சு படித்த ஆவுடைத்தாய் என்ற பெண் இறந்தாள். சைக்கிளில் வீட்டுக்குப் போய்க்கொண்டிருந்தாள். சத்தம் கேட்டு முதலில் ஓடியவள் நான்தான். அன்று அவள் அடித்து முடித்த தாள் அவள் பையில் ஒரு மடிப்புக்கூட விழாமல் இருந்தது. அதன் பிறகு ஊர் வியாபாரிகளும் மில்காரர்களும் சேர்ந்து சாலைப் பாதுகாப்புக் குழு ஒன்றை அமைத்தார்கள். பருத்தி வியாபாரி கிருஷ்ணராஜ் அதற்குச் செயலாளர். குழுவில் நான் ஒருத்தி மட்டும் பெண். நன்கொடை திரட்டி, 2007 மார்ச்சில் சிக்னல் கம்பத்தில் கேமரா வைத்தோம். சிவப்பு விழுந்த பிறகு கோட்டைத் தாண்டும் வண்டியை அது வெளிச்சம் அடித்துப் படம் எடுக்கும்.

அதை வைப்பதற்கு முன் இரண்டு கூட்டம் நடந்தது. மினிபஸ் முதலாளிகள் நேரத்துக்குப் போய்ச் சேர முடியாது என்றார்கள். பழைய வண்டிக்காரர்கள், விளக்கைப் பார்த்துத் திடீரென்று பிரேக் போட்டால் பின்னால் வருகிறவன் வந்து இடிப்பான் என்றார்கள். ஆட்டோ சங்கத்தின் சார்பில் சீனி என்பவர் எழுந்து பேசினார். அவர் பேச்சை மட்டும் அவர் சொன்னபடியே எழுதுகிறேன்.

“நம்பர மட்டும் புடிங்க, வேண்டாங்கல. ஆள எதுக்குப் புடிக்கீய? எவன் எவளோட போறான்னு பாக்கவா சிக்னல் போட்டிருக்கு? இந்த ஊருல ஒரு போட்டோ போதும், ஒரு வீட்ட எரிக்க.”

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அதன் பிறகு நான் எழுந்து, நம்பர் மட்டும் இருந்தால் நம்பர் தவறு என்பார்கள், வண்டி வீட்டில் நின்றது என்பார்கள், முழுப் படம் இல்லாமல் எதையும் நிரூபிக்க முடியாது என்று பேசினேன். ஆவுடைத்தாயின் பெயரையும் சொன்னேன். அதற்கு மேல் யாரும் எதிர்த்துப் பேசவில்லை. முடிவில், வீட்டுக்குப் போகும் நோட்டீசில் நம்பர் பலகை மட்டும் இருக்கும், முழுப் படம் என் கம்ப்யூட்டரில் இருக்கும், வண்டி யார் பெயரில் பதிவாகி இருக்கிறதோ அவர் நேரில் வந்து மறுத்தால் அவருக்கு மட்டும் என் முன்னிலையில் காட்டலாம் என்று தீர்மானித்தோம். இதை நோட்டில் எழுதியவளும் நான்தான். இதற்கு மேல் நானாக ஒரு விதி வைத்திருந்தேன். பின்னால் உட்கார்ந்திருக்கும் பெண்ணின் முகம் தெரிந்தால் அந்தப் படத்தைக் காட்ட மாட்டேன். இந்தப் பதினொரு மாதத்தில் ஒன்பது பேருக்குக் காட்டியிருக்கிறேன். அந்தப் பதினொரு மாதத்தில் பஞ்சுப்பேட்டை முக்கில் ஒரு உயிரும் போகவில்லை. இதையும் பதிவு செய்ய வேண்டும் என்று நினைக்கிறேன்.

அன்று வெள்ளிக்கிழமை பதினோரு மணி அளவில் அழகிரிசாமி என்பவர் வந்தார். விளாத்திகுளம் பக்கத்தில் நிலம் வைத்திருக்கிறார். அவருடைய மகள் மாரிசெல்வி என்னிடம் கம்ப்யூட்டர் படிக்கிறாள். அவரை எனக்கு இரண்டு வருடமாகத் தெரியும். மிளகாய் வத்தல் மூட்டை ஏற்றிவிட்டு நேராக வந்திருந்தார். அவர் சட்டையில் இருந்த நெடிக்கு வகுப்பில் இருந்த பிள்ளைகள் தும்மினார்கள். எனக்கென்று ஒரு பையில் வத்தல் கொண்டுவந்து மேஜையில் வைத்தார். அதன் பிறகு சட்டைப் பையில் இருந்து நோட்டீசை எடுத்தார்.

“டீச்சரம்மா, இந்த பைக்க நான் வித்து ரெண்டு வருசமாச்சு. எவனோ செவப்புல போயிருக்கான், எனக்கு ஓலை வருது. வெள்ளத்தாளுல கையெழுத்துப் போட்டுக் குடுத்ததுதான், புரோக்கர் மாடக்கண்ணு யாருக்குத் தள்ளிவிட்டானோ” என்றார்.

எங்கள் பகுதியில் பைக் விற்பது பெரும்பாலும் இப்படித்தான். விற்கிறவர் நிரப்பாத பாரத்தில் கையெழுத்துப் போட்டு ஆர்.சி. புத்தகத்தையும் சேர்த்துக் கொடுத்துவிடுவார். வாங்குகிறவர் அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று பெயர் மாற்றாமலே ஓட்டுவார். பத்து நோட்டீஸ் அனுப்பினால் மூன்று பழைய சொந்தக்காரருக்குப் போகும். இது எனக்கு நன்றாகத் தெரியும். படத்தில் இருப்பது நான் இல்லை என்று அவர் பார்த்துச் சொன்னால், அதை ஒரு கடிதமாக அடித்துக் கொடுப்பேன், அபராதம் ரத்தாகும். அவருக்கு நூறு ரூபாய் நஷ்டமாகக் கூடாது என்றுதான் அந்தப் படத்தைத் திறந்தேன்.

திறந்ததும் என் விதிப்படி முதலில் நான் மட்டும் பார்த்தேன். ஓட்டுகிறவன் இருபத்து நான்கு, இருபத்தைந்து வயதுப் பையன். பின்னால் ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். வெயிலுக்காகத் துப்பட்டாவை முகத்தைச் சுற்றிக் கட்டியிருந்தாள். கண் மட்டும் தெரிந்தது. முகம் தெரியவில்லை, அதனால் காட்டலாம் என்று முடிவு செய்தேன். என் நாற்காலியில் அவரை உட்காரவைத்து, திரையை அவர் பக்கம் திருப்பினேன்.

அவர் கண்ணாடியைக் கழற்றித் துண்டில் துடைத்து மறுபடி போட்டுக்கொண்டார். பெரிதாக்க முடியுமா என்று கேட்டார். ஓட்டுகிறவன் முகத்தைப் பெரிதாக்கினேன்.

“மூஞ்சி வேண்டாம். கீழ காட்டுங்க.”

நம்பரைப் பார்க்க விரும்புகிறார் என்று நினைத்துப் படத்தைக் கீழே நகர்த்தினேன். நம்பர் பலகை வரும் முன்பே, நிறுத்தும்படி கையைக் காட்டினார். அப்போது திரை முழுவதும் அந்தப் பெண்ணின் சுடிதார்த் துணி மட்டும் இருந்தது. கத்திரிப்பூ நிறம், அதில் வெள்ளையில் சின்னச் சின்ன மாங்காய். அவர் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். எவ்வளவு நேரம் என்று என்னால் துல்லியமாகச் சொல்ல முடியாது. வகுப்பில் ஒரு பிள்ளை ஒரு பக்கத்தை அடித்து முடித்துத் தாளை உருவியது கேட்டது. அதன் பிறகு படம் எடுத்த நாளும் நேரமும் கேட்டார். ஓரத்தில் இருந்ததை வாசித்தேன், ஜனவரி இருபத்தொன்பது, பகல் இரண்டு ஐம்பத்திரண்டு.

“செவ்வாக்கெழம” என்றார்.

ஆமாம் அண்ணாச்சி என்றேன். கடிதம் அடிக்கட்டுமா என்று கேட்டேன். வேண்டாம் என்று நூறு ரூபாயை எடுத்து வைத்தார். நீங்கள் கட்ட வேண்டியதே இல்லை என்று இரண்டு தடவை சொன்னேன்.

“இருக்கட்டும். என் பேருல இருக்க வண்டிதான” என்றார்.

படம் பார்த்தவர்களுக்கான பதிவேட்டில் 11.20 என்று நேரம் குறித்துக் கையெழுத்துப் போட்டார். வகுப்பில் இருந்த மகளைப் பார்த்துவிட்டுப் போங்கள் என்றேன். பார்க்காமலே போனார். வாதாட வந்தவர் ஒரு வார்த்தை பேசாமல் கட்டிவிட்டுப் போகிறார், சட்டத்தை மதிக்கிற மனிதர் என்று நான் நினைத்தேன். அன்று மாலை என் கணவரிடமும் இதே வார்த்தைகளில் சொன்னேன்.

மறுநாள் 16.2.2008 சனிக்கிழமை காலை பத்து மணிக்கு மாரிசெல்வி வகுப்புக்கு வந்தாள். கத்திரிப்பூ நிறத்தில் வெள்ளை மாங்காய் போட்ட சுடிதார் உடுத்தியிருந்தாள். முந்தின நாள் திரையில் பார்த்த துணி வாசற்படியில் ஏறி வந்தது. படத்தில் இருந்தது இவள்தானோ என்று முதலில் நினைத்தேன். ஜனவரி இருபத்தொன்பது வருகைப் பதிவைப் புரட்டினேன். அன்று அந்த நேரம் அவள் என் வகுப்பில் இருந்திருக்கிறாள். அதன் பிறகு அவளைக் கூப்பிட்டு, இந்தத் துணி எங்கே எடுத்தது என்று கேட்டேன்.

“தீவாளிக்கு அப்பா எடுத்தாவ டீச்சர். ஒரே பீசுல எனக்கும் உமாக்காவுக்கும். ரெண்டு பேரும் சேந்து போட்டா பேண்டு செட்டுக்காரிய மாதிரி இருக்கீயன்னு அம்மா கேலி பண்ணுவாவ.”

உமாராணி அவளுடைய சித்தப்பா மகள். சித்தப்பா இறந்த பிறகு உமாராணியையும் அவள் அம்மா வெள்ளைத்தாயையும் அழகிரிசாமிதான் தன் வீட்டில் வைத்திருந்தார். உமாராணி கோவில்பட்டியில் கல்லூரி மூன்றாம் வருடம் படித்தாள். இதெல்லாம் மாரிசெல்வி முன்பே சொல்லி எனக்குத் தெரியும். உமா இன்று கல்லூரிக்கு வந்தாளா என்று கேட்டேன். நேற்று சாயங்காலத்தில் இருந்து காய்ச்சல் என்று உள் அறையில் படுத்திருக்கிறாள், யாரையும் பக்கத்தில் போக விடவில்லை, இவள் கஞ்சி கொண்டுபோனபோதும் பெரியவர்கள் வாங்கிக்கொண்டு கதவைச் சாத்திவிட்டார்கள் என்றாள். சொல்லிவிட்டுப் போய், விட்ட இடத்தில் இருந்து அடிக்க ஆரம்பித்தாள்.

நான் உட்கார்ந்தேன். எனக்கு அந்த நேரத்திலேயே எல்லாம் தெரிந்துவிட்டது. தெரியவில்லை என்று இப்போது எழுதினால் அது பொய். ஒன்றரை மணி அளவில் மாரிசெல்வியின் சேர்க்கைப் படிவத்தில் இருந்த எண்ணுக்குப் போன் செய்தேன். அழகிரிசாமி எடுத்தார். உமாவுக்குக் காய்ச்சல் எப்படி இருக்கிறது என்று கேட்டேன். உமாவைப் பற்றி நான் அவரிடம் அதற்கு முன் கேட்டதே இல்லை. அவர், “சரியாப் போயிரும் டீச்சரம்மா. நீங்க ஒண்ணும் மனசுல வச்சுக்கிடாதீய” என்றார். சரி அண்ணாச்சி என்று வைத்துவிட்டேன்.

காவல் நிலையம் என் சென்டரில் இருந்து நடந்து போகும் தூரம். நான் போகவில்லை. மாலையில் என் கணவரிடம் சொன்னேன். அவர் அழகிரிசாமியின் ஊருக்குப் பக்கத்து ஊர்க்காரர். அடுத்த வீட்டு அடுப்படியில் எட்டிப் பார்க்காதே, அடித்துத் திருத்தி வைத்துக்கொள்வார்கள், வேறு ஒன்றும் நடக்காது என்றார். நான் அதை நம்பினேன். நம்புவதற்கு வசதியாக இருந்தது.

17.2.2008 ஞாயிற்றுக்கிழமை காலை ஒன்பதரை மணிக்கு நான் தோசை ஊற்றிக்கொண்டிருந்தபோது என் கணவருக்குப் போன் வந்தது. உமாராணி வயிற்று வலி தாங்காமல் பருத்திக்கு அடிக்கும் மருந்தைக் குடித்துவிட்டாள், காலை ஏழு மணிக்கே எரித்துவிட்டார்கள் என்றார். கல்லில் கிடந்த தோசை கருகியது. அதைத் திருப்பிப் போட்டு, எடுத்து, அவருக்கு வைத்தேன். அவரும் அதைத் தின்றார்.

மறுநாள் சாவு வீட்டில் துட்டி கேட்க இருவரும் அந்த ஊருக்குப் போனோம். களத்தில் வத்தல் காய்ந்துகொண்டிருந்தது, அதை யாரும் அள்ளவில்லை. அழகிரிசாமி வாசலில் நின்று வருகிறவர்களைக் கும்பிட்டார். என்னையும் கும்பிட்டார். டீச்சரம்மாவுக்குக் காப்பி கொடுங்கள் என்று உள்ளே குரல் கொடுத்தார். உள்ளே வெள்ளைத்தாய் சுவரோரம் இருந்தார். நான் பக்கத்தில் உட்கார்ந்ததும் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார்.

“எம்பிள்ளைக்கு வயித்து வலின்னு ஆரு சொன்னா? நான் சொல்லலியே” என்றார்.

உடனே இரண்டு பெண்கள் வந்து அவர் கையை என் கையில் இருந்து பிரித்து எடுத்தார்கள். எனக்குக் காப்பி வந்தது. குடித்தேன்.

19.2.2008 செவ்வாய்க்கிழமை மாலை ஆறு மணிக்கு, வகுப்புகள் முடிந்த பிறகு, படத்தில் இருந்த பையன் சென்டருக்கு வந்தான். பார்த்ததும் தெரிந்துகொண்டேன். பெயர் இசக்கிபாண்டி, மில்லில் பிட்டர் வேலை, புதூர்ப் பக்கம் ஆட்டுக்கிடை போடும் வீட்டுப் பிள்ளை என்று அவனே சொன்னான். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை. அவன் சொன்னதைச் சுருக்கமாக எழுதுகிறேன். பைக்கை மாடக்கண்ணுவிடம் வாங்கி ஓட்டிக்கொண்டிருந்தபோது, ஒரு நாள் கல்லூரி பஸ் ஸ்டாப்பில் ஒரு பெண் வண்டியை உற்றுப் பார்த்து, இது எங்கள் பெரியப்பா வண்டி அல்லவா, எங்கே திருடினாய் என்று கேட்டாளாம். அப்படித்தான் பழக்கம். சில மாதம் கழித்து அவன் வண்டியைத் தன் பெயருக்கு மாற்றப் புறப்பட்டபோது அவள்தான் தடுத்திருக்கிறாள். அவள் சொன்னதை அவன் அவளைப் போலவே சொல்லிக் காட்டினான்.

“பெரியப்பா பேருலயே இருக்கட்டும்ல. அவிய சம்மதிச்சு நம்மள அனுப்பி வச்ச மாதிரி இருக்கும்.”

ஜனவரி இருபத்தொன்பது அன்று முக்கில் கேமரா வெளிச்சம் அடித்ததை இருவரும் பார்த்திருக்கிறார்கள். நம் இரண்டு பேருக்கும் இதுதான் முதல் போட்டோ என்று அவள் வண்டியிலேயே சிரித்தாளாம். அன்று முதல் அவனுக்குப் பயம். ஓலை பெரியப்பாவுக்குப் போகும் என்று அவளிடம் சொன்னதற்கு, போகட்டும், நம்பர் மட்டும்தானே இருக்கும், வித்த வண்டி என்று தூக்கிப் போட்டுவிடுவார் என்று அவள் தைரியம் சொல்லியிருக்கிறாள். இதைச் சொல்லிவிட்டு என்னைப் பார்த்துக் கேட்டான்.

“அக்கா, முழுப் படத்த நீங்க ஆருக்கும் காட்ட மாட்டீய இல்ல?”

நான், “காட்ட மாட்டோம்” என்றேன்.

அந்தப் படம் இப்போது இருக்கிறதா, ஒரு தடவை பார்க்கலாமா என்று கேட்டான். மாதா மாதம் அழித்துவிடுவோம் என்றேன். அதுவும் பொய். அவன் கொஞ்ச நேரம் பிரிண்டரைப் பார்த்துக்கொண்டு நின்றான். அதன் பிறகு, “அப்ப தங்கச்சாமிதான் சொல்லியிருக்கணும். அவன் ஒருத்தனுக்குத்தான் தெரியும்” என்றான். தங்கச்சாமி அவனோடு மில்லில் வேலை செய்து ஒரே அறையில் தங்கியிருந்தவன். நான் அவனைத் திருத்தாமல் கம்ப்யூட்டர்கள் மேல் துணியைப் போர்த்தினேன். அவன் படியிறங்கிப் போனான்.

20.2.2008 அன்று குழுச் செயலாளர் கிருஷ்ணராஜ் போன் செய்தார். மாவட்டத்தில் இருந்து இன்னும் மூன்று சந்திப்புகளுக்குக் கேமரா வைக்க அனுமதி வரும் நேரம், இந்தப் படம் வெளியே தெரிந்தால் இருக்கும் கேமராவையும் கழற்றிவிடுவார்கள், இன்னொரு ஆவுடைத்தாய் சாக வேண்டுமா என்று கேட்டு, படத்தை அழித்துவிடச் சொன்னார். அவர் கெட்ட மனிதர் இல்லை. அவர் கேட்ட கேள்வி என் கேள்விதான், ஒரு வருடத்துக்கு முன் நான் கூட்டத்தில் கேட்டது. சரி அழித்துவிடுகிறேன் என்றேன். அழிக்கவில்லை. மறுநாள் இசக்கிபாண்டி புகார் கொடுத்ததாகவும், அழகிரிசாமி விசாரணையில் தனக்கு எந்தப் பையனையும் தெரியாது, அப்படி ஒரு விஷயம் புகார் வந்த பிறகுதான் காதில் விழுந்தது என்று சொன்னதாகவும் ஊரில் பேசிக்கொண்டார்கள். அன்று சாயங்காலம் சீனி ஆட்டோவைச் சென்டர் முன் நிறுத்தினார். இறங்கவில்லை.

“நான் சொன்னது நடக்கணும்னு நான் நெனைக்கல டீச்சர்” என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார்.

அவர் எதை வைத்துச் சொன்னார் என்று எனக்குத் தெரியாது. அன்று இரவு சாப்பிடும்போது, சீனி என்னைத் திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்று தோன்றியது.

நேற்று சம்மன் வந்தது. இன்று காலை என் கணவர் ஸ்கூட்டரில் கொண்டுவந்து விட்டார். வழியில், படம் அழிந்துபோயிற்று, யார் யார் பார்த்தார்கள் என்று ஞாபகம் இல்லை, இந்த இரண்டு வார்த்தையைச் சொல்லிவிட்டு வந்துவிடு, ஐந்து நிமிட வேலை என்றார். நாளைக்கு அந்த ஆட்கள் முகத்தில் நாம்தான் முழிக்க வேண்டும் என்றும் சொன்னார். அவரும் பயந்துதான் சொல்கிறார். இப்போது எதிரே டீக்கடையில் காத்திருக்கிறார். நான் உள்ளே வந்து இரண்டு மணி நேரம் ஆகிறது.

உமாராணி எப்படி இறந்தாள் என்பது எனக்குத் தெரியாது. நான் அதைப் பார்க்கவில்லை, பார்க்காததை எழுதவில்லை. எனக்குத் தெரிந்தது இவ்வளவு. அவள் இறப்பதற்கு இரண்டு நாள் முன்பு, 15.2.2008 வெள்ளிக்கிழமை பகல் 11.20 மணிக்கு, அழகிரிசாமி அந்தப் படத்தைப் பார்த்தார். அந்தத் துணி அவர் கையால் எடுத்துக் கொடுத்த துணி. இரண்டு பேரில் மற்றவள் அந்த நேரம் என் வகுப்பில் இருந்தாள். பார்க்கவைத்தது நான். அழியாத அந்தப் படம் உள்ள சி.டி. ஒன்றும், அவர் கையெழுத்துப் போட்ட பதிவேடு ஒன்றும், மாரிசெல்வியின் வருகைப் பதிவு ஒன்றும் இத்துடன் ஒப்படைக்கிறேன். மாரிசெல்வி அந்த வீட்டில்தான் இருக்கிறாள். துணியைப் பற்றி அவள் என்னிடம் சொன்னாள் என்பதை அந்த வீட்டார் அறியாதபடி பார்த்துக்கொள்ளுமாறு அதிகாரியைக் கேட்டுக்கொள்கிறேன்.

கேமரா வேண்டுமா வேண்டாமா என்று அதிகாரி கேட்டார். எனக்குத் தெரியவில்லை என்றேன். சிவப்பில் போகிறவனைப் பிடிக்க வேண்டும் என்று நான் இப்போதும் நினைக்கிறேன். பிடித்ததை யார் பார்ப்பார்கள் என்று நினைக்காமல் போனேன். முகத்தை மூடியிருந்தால் யாருக்கும் யாரையும் தெரியாது என்று நினைத்தேன். நானும் பெண்தான், எனக்கும் அண்ணன்மார் உண்டு, நான் எந்தச் சேலையில் எங்கே போனேன் என்பது என் வீட்டில் எல்லோருக்கும் எப்போதும் தெரிந்துதான் இருந்தது. அப்படி இருந்தும் நினைத்தேன்.

எழுதியதை முதலில் இருந்து ஒரு தடவை வாசித்துப் பார்த்தேன். இரண்டு இடத்தில் தேதியைத் திருத்தி ஓரத்தில் சுருக்கொப்பம் போட்டிருக்கிறேன். யாரும் சொல்லிக் கொடுத்து எழுதவில்லை, பயந்தும் எழுதவில்லை. இதில் உள்ளது நடந்தது. நீதிமன்றம் கூப்பிட்டாலும் இதையே சொல்வேன்.

இன்னும் ஒன்று. கையெழுத்துக்கு மேலே இடம் இருப்பதால் எழுதுகிறேன். தங்கச்சாமி அறையைக் காலி செய்துவிட்டு ஊருக்குப் போய்விட்டான் என்றும், இசக்கிபாண்டி வேலையை விட்டுவிட்டுப் புதூருக்குக் கிழக்கே தகப்பனாரின் கிடையில் இருக்கிறான், யாரிடமும் பேசுவதில்லை என்றும் கேள்விப்பட்டேன். இந்த நிலையத்துக்குப் பின்பக்கமும் ஒரு வாசல் இருக்கிறது, அது பஸ் ஸ்டாண்டு ரோட்டில் போய் முடிகிறது. இரண்டரை மணிக்குப் புதூருக்கு ஒரு பஸ் இருக்கிறது. நான் அதில் போகிறேன். தங்கச்சாமி சொல்லவில்லை, நீ பெயர் மாற்றாததாலும் இல்லை, படத்தைக் காட்டியவள் நான், உன்னிடம் இரண்டு பொய் சொன்னவளும் நான் என்று அவன் முன்னால் நின்று சொல்லப்போகிறேன். அவன் என்ன செய்வான் என்று எனக்குத் தெரியாது. டீக்கடையில் இருக்கிற என் கணவர் உட்பட இதை நான் இதுவரை யாரிடமும் சொல்லவில்லை.

(ஒப்பம்) க. பிரேமா
26.2.2008, பகல் 2.10 மணி